இருவாச்சிப் பறவை படம்: இந்த மஞ்சள் நிஜமா, நான் கெடுத்துவிட்டேனா?

தேயிலைமேடு:
மார்ச் கடைசியில் வால்பாறையில் எடுத்தது. டீக்கடை வாசலில் நின்றிருந்தபோது தலைக்கு மேலே பழைய நீராவி இன்ஜின் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம், நிமிர்ந்தால் இருவாச்சி, கையிலிருந்த டம்ளரை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை, நாலு படம் அடித்தேன். மூன்று வீண். இதிலும் உடம்பு கரிக்கட்டை, சிறகு நுனி கலங்கல். ஆனால் கழுத்திலும் சிறகுப் பட்டையிலும் அப்படியொரு மஞ்சள். வீட்டில் எல்லோரும் கலரை ஏற்றிவிட்டாய் என்கிறார்கள். சத்தியமாக இல்லை! ஷட்டர் 1/400.

(எடுத்த எஸ்டேட், வளைவு எல்லாம் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறேன்.)

கொண்டைக்குருவி:
கலரை ஏற்றியது நீங்கள் இல்லை, அந்தப் பறவையேதான். வாலின் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு, அதை அலகால் தேய்த்தெடுத்துக் கொண்டை, கழுத்து, சிறகு எல்லாம் பூசிக்கொள்ளும். பூசாவிட்டால் அந்தப் பட்டை வெறும் வெள்ளைதான். மஞ்சள் பூசிக் குளிப்பது நம் ஊரில் மனிதர்கள் மட்டும் இல்லை.

மங்கல்லென்ஸ்:
வெளிச்சமான வானத்தை வைத்து கேமரா அளந்திருக்கிறது, அதனால்தான் கரிக்கட்டை. அடுத்த முறை எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +1 வையுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். சிறகு கலங்காமல் இருக்க ஷட்டர் 1/1600 நொடி பக்கம் போங்கள், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறுமே என்று பயப்பட வேண்டாம்.

சோலைவாசி:
படம் அருமை, ஆனால் அந்த இடக்குறிப்பை முதலில் எடுத்துவிடுங்கள் தம்பி. நிழல் பகுதியை ஏற்றிக் கண்ணைப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் ஆண், பெண்ணுக்கு வெள்ளை. ஆண் என்றால், அலகு நுனியில் தெரிகிற உருண்டை அத்திப்பழமாகத்தான் இருக்கும். இது கூடு கட்டும் காலம், பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தன் எச்சத்தாலேயே பூசி அடைத்துக்கொண்டு, அலகு நுழைகிற அளவு ஒரு கீறல் மட்டும் விட்டு உட்கார்ந்திருக்கும், சாப்பாடு முழுக்க இவன் கொண்டுபோய்க் கொடுத்தால்தான். இடம் தெரிந்து மரத்தடியில் நாலு பேர் கேமரா முக்காலி போட்டு நின்றால் இவன் கிட்டே வராமல் தூரத்து மரத்திலேயே காத்துக் கிடப்பான். நானே ஒரு காலத்தில் அப்படி நின்றவன்தான்.

தேயிலைமேடு:
இடத்தை எடுத்துவிட்டேன் அண்ணா. பெரிதாக்கிப் பார்த்தேன், கண் சிவப்புதான். அப்புறம், தொண்டையும் கொஞ்சம் புடைத்திருக்கிறதே, அதுவும் பழமா?

சோலைவாசி:
பழம்தான். உள்ளே அடக்கி வைத்திருந்து, பொந்துக்கு வந்ததும் ஒவ்வொன்றாகக் கக்கிக் கொடுப்பான்.