புதுப்பிப்பு: தினம் ஒரு கவிதை, 40 நாளுக்குப் பிறகு

தினமும் கவிதை எழுத உட்கார்ந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் தொடர முடியவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

40 நாளில் 31 கவிதை எழுதிவிட்டேன். கைகொடுத்தது, பகலில் கண்ணில் பட்டதை உவமை எதுவும் சேர்க்காமல் ஒரே வரியில் குறித்துவைத்து இரவில் அதிலிருந்து எழுதச் சொன்ன யோசனைதான். அதோடு குறள் வெண்பா (திருக்குறளின் இரண்டடி வடிவம்) போல முதல் வரியில் 4 சீர் (செய்யுளில் சொல் போன்ற ஓர் அலகு), அடுத்த வரியில் 3 சீர் என்று அளவும் வைத்துக்கொண்டேன் (ஒரு சீர் அடுத்த சீரோடு ஓசையில் சேரும் விதியான தளையைப் பார்க்கவில்லை, அது தனி உழைப்பு), 7 சீர்தானே என்பதால் களைத்த நாளிலும் எழுத முடிந்தது.

‘பிரிவு’ மாதிரி தலைப்பு வைத்து எழுதியபோது எங்கேயோ படித்த வரிகளே திரும்ப வந்தன. எதிர்பாராத விஷயம், அதே சொல்லை ‘பிடி உடைந்த கோப்பை’ என்ற குறிப்போடு சேர்த்த அன்றுதான் எனக்கு மிகப் பிடித்த கவிதை வந்தது. இப்போது குறிப்பு எழுதிய பிறகே தலைப்பை எடுக்கிறேன்.