கூட்டினால் பூஜ்ஜியம்: வலைப்பக்க அட்டவணை எக்செல்லுக்கு வந்த கதை

ஒரு வலைப்பக்கத்தில் இருந்த நீளமான அட்டவணையை மவுஸால் இழுத்து, காப்பி செய்து எக்செல்லில் ஒட்டினேன். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசி வரியில் சம் (கூட்டல் ஃபார்முலா) போட்டால் விடை 0. எண்கள் எல்லாம் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றதை அப்போதுதான் கவனித்தேன். எக்செல் அவற்றை எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

தேவையில்லாத இடைவெளியை நீக்குகிற டிரிம் ஃபார்முலா போட்டும் பலனில்லை. ஒரு கட்டத்தில் நின்று, திருத்துவதற்கான எஃப்2 விசையை அழுத்திப் பார்த்தேன். கர்சர் கடைசி இலக்கத்தை ஒட்டி நிற்காமல் ஓர் இடம் தள்ளி நின்றது. வரி உடையாமல் இருக்க வலைப்பக்கங்களில் போடுகிற இடைவெளி அது. அதன் குறியீட்டு எண் 160. டிரிம்முக்குத் தெரிந்தது 32 என்கிற சாதாரண இடைவெளி மட்டும்தான். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கிற சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவில் கேர் 160ஐக் (அந்த எண்ணுக்குரிய எழுத்தை) கொடுத்து அதை நீக்கி, வெளியே எழுத்தை எண்ணாக்குகிற வேல்யூ போட்டதும் கூட்டல் வந்துவிட்டது.

அப்புறம் ஒட்டுகிற வேலையையே விட்டுவிட்டேன். டேட்டா மெனுவில் ஃப்ரம் வெப் போய் முகவரியைக் கொடுத்தால் பக்கத்தில் உள்ள அட்டவணைகளைப் பட்டியலிட்டுக் காட்டும். 2016 பதிப்பிலிருந்து இதற்கான பவர் குவெரி என்ற தரவு எடுக்கும் கருவி எக்செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் தயவுசெய்து உடனே லோட் கொடுக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவைத் திறந்தால் ‘சேஞ்ச்டு டைப்’ என்று ஒரு படியை அதுவாகவே சேர்த்திருக்கும். 00417 என்ற குறியீடு அங்கேதான் 417 ஆகிறது. தேதி இன்னும் மோசம். நாள் முதலில் வருகிற தேதியை மாதம் முதலில் என்று படித்துவிட்டால், 25/04 பிழை என்று காட்டிக்கொடுத்துவிடும். 03/04 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். அந்தப் படியை அழித்துவிட்டு, ‘யூஸிங் லொகேல்’ வழியாகத் தேதி முறையை நாமே சொல்லிவிட வேண்டும்.

*

வேறொரு பக்கத்தில் ஃப்ரம் வெப் கொடுத்தபோது எனக்கு அட்டவணையே வரவில்லை. பட்டியலில் ‘டாக்குமென்ட்’ மட்டும் இருந்தது. பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் தனியாகத் தரவை வரவழைக்கிற பக்கம் அது. பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை ரீலோட் செய்தேன். ஜேசன் என்ற தரவு வடிவில் விவரங்கள் வருகிற முகவரி சிக்கியது. அதையே ஃப்ரம் வெப்பில் கொடுத்தேன், முழுசாக வந்துவிட்டது.

*

சரி, இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி எடுத்த தரவை நான் ரிஃப்ரெஷ் ஆல் கொடுத்துப் புதுப்பித்தே பல நாள் ஓட்டினேன். ஒரு நாள் தரவு வருகிற வலைப்பக்கத்தில் நெடுவரிசைத் தலைப்பு ஒன்றை மாற்றிவிட்டார்கள். நெடுவரிசையைக் காணவில்லை என்று குவெரி நின்றுபோனது. குவெரியின் படிகளில் பழைய பெயர் இருந்த இடத்தில் புதுப் பெயரைப் போட்டதும் ஓடியது.