நத்தாருக்குப் பழைய வானொலி நாடகம், எதைப் போடலாம்?

பாலையூற்றான்: நத்தாருக்கு அம்மம்மா வீட்டில் கூடுகிறோம், அந்தக் கால அமெரிக்க வானொலி நாடகம் ஒன்று போட ஆசை. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். எது நல்லது?

உப்புவெளி அக்கா: தம்பி, 1939 டிசம்பர் 24 அன்று ஓர்சன் வெல்ஸ் கதை சொல்ல, லயனல் பாரிமோர் ஸ்குரூஜ் என்ற கஞ்சக் கிழவனாக நடித்த 'எ கிறிஸ்மஸ் கரோல்', சார்ல்ஸ் டிக்கன்ஸின் நத்தார் கதை. ஒரு மணி நேரம்தான், இடையில் வரும் சூப் விளம்பரத்தைத் தாண்டிவிடுங்கள்.

ரேடியோ விசரன்: சிரிக்க வேண்டுமென்றால் நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் நத்தார் பகுதி. கஞ்சனாக வரும் அவர் பரிசு வாங்குவதும் திரும்பத் திரும்ப வந்து மாற்றுவதுமாக இருக்க, கடைக்காரராக வரும் மெல் பிளாங்குக்கு விசரே பிடித்துவிடும். டிராக்நெட் என்ற பொலிஸ் தொடரின் 1949 நத்தார் பகுதியைப் பிள்ளைகள் முன் போடாதீர்கள், பரிசுத் துப்பாக்கியால் ஒரு சிறுவன் சாகிற கதை அது.

பாலையூற்றான்: சரி, பென்னிதான். சின்னதுகளுக்கு?

உப்புவெளி அக்கா: 'த சினமன் பேர்' (The Cinnamon Bear) என்ற சிறுவர் தொடர், 1937, மொத்தம் 26 பகுதி, ஒவ்வொன்றும் கால் மணி நேரம். நாளுக்கு ஒன்றாகப் போட்டு நத்தாருக்குள் முடிக்க நவம்பர் கடைசியிலேயே தொடங்குங்கள்.