மக்காச்சோளத்துக்கு அடித்த அட்ரசின் மண்ணில் மிச்சம் இருக்கிறதா? டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பகுப்பு) பிளேட்டில் பார்க்க முடியுமா?

வெங்காயக்காடு:
வணக்கம். எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டம், செட்டிகுளம் பக்கம். புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் அப்பா களைக்கு அட்ரசின் 50 சதவீதத் தூள் அடித்தார், ஏக்கருக்கு 400 கிராம். தையில் கதிர் ஒடித்தோம், மாசியில் அதே காட்டில் சின்ன வெங்காயம் ஊன்றினோம். முளைப்பு நன்றாகத்தான் வந்தது. இருபது நாள் கழித்துத் தாள் நுனி வெளுத்து, அப்படியே கீழே இறங்கிக் காய்கிறது. வரப்போரம், டேங்க் தூக்கிக்கொண்டு திரும்புகிற இடத்தில்தான் மோசம். நடுக்காடு பரவாயில்லை. மருந்துக்கடையில் நோய் என்று சொல்லி பூஞ்சாணக்கொல்லி கொடுத்தார்கள், இரண்டு முறை அடித்தும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் எம்.எஸ்சி. வேதியியல் முதல் வருடம். கல்லூரியில் டிஎல்சிக்கான சிலிக்கா பிளேட் இருக்கிறது (கரைப்பான் ஏற ஏறப் பொருள்கள் வெவ்வேறு உயரத்தில் பிரியும்; எஃப்254 வகை, யூவியில் பிளேட்டே ஒளிரும்), 254 நானோமீட்டர் யூவி விளக்கு இருக்கிறது, எச்பிஎல்சி (உயரழுத்தத் திரவ நிறப்பகுப்புக் கருவி) கிடையாது. மண்ணை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி அப்படியே புள்ளி வைத்துப் பார்த்தேன், அடியிலிருந்து உச்சி வரைக்கும் பழுப்பாக இழுத்துக்கொண்டு போனது, எதுவுமே தெரியவில்லை. இந்த முறையில் பார்க்கவே முடியாதா, இல்லை நான் செய்ததில் தப்பா?

சிலிக்காமேடை:
தம்பி, முடியும். எவ்வளவு இருக்கும் என்று முதலில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் பிளேட்டைத் தொடலாம். ஏக்கருக்கு 400 கிராம் தூள் என்றால் எக்டேருக்கு அரை கிலோ அட்ரசின். மேல் 15 செ.மீ. மண் எக்டேருக்குச் சுமார் 2000 டன். ஆக, அடித்த அன்று கிலோ மண்ணுக்கு 0.25 மில்லிகிராம். மண்ணில் அதன் அரை ஆயுள் இரண்டு மாதம் என்று வைத்தால் நான்கு மாதத்தில் கால்வாசி, அதாவது 0.06. காய்ந்த மண்ணிலும் காரத்தன்மையுள்ள கரிசலிலும் இன்னும் மெதுவாகத்தான் சிதையும், வரப்போரம் இரண்டு முறை மருந்து விழுந்திருந்தால் அதற்கும் மேலே.

50 கிராம் மண் எடுத்தால் அதில் 3 மைக்ரோகிராம். சாற்றை 0.2 மி.லி.க்குச் சுண்டவைத்து 20 மைக்ரோலிட்டர் புள்ளி வைத்தால் பிளேட்டில் 0.3 மைக்ரோகிராம், அதாவது 300 நானோகிராம் இறங்கும். யூவியில் கண்ணுக்குத் தட்டுப்படுகிற அளவுதான், ஆனால் விளிம்பில். நீங்கள் சுண்டவைக்காமல், சுத்தம் செய்யாமல் வைத்ததால் மண்ணின் மட்குப் பொருள் எல்லாம் சேர்ந்து இழுத்துவிட்டது.

இப்படிச் செய்யுங்கள். 80 பங்கு மெத்தனால், 20 பங்கு தண்ணீரில் மண்ணை ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். மெத்தனாலை ஆவியாக்கிவிட்டு, மிச்சத் தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பிரிபுனலில் டைகுளோரோமீத்தேன் விட்டு இரண்டு முறை பிரித்தெடுங்கள் (புகைக்கூண்டுக்குள் மட்டும்). பழுப்பு நிறத்தில் பெரும்பகுதி தண்ணீரிலேயே தங்கிவிடும், அதைப் பார்க்கும்போதே நிம்மதியாக இருக்கும். நீரற்ற சோடியம் சல்பேட் வழியாக வடிகட்டி, சூடேற்றாமல் சுண்டவைத்து, 0.2 மி.லி. அசிட்டோனில் கரையுங்கள்.

பிளேட்டில் கோடு போடப் பென்சில் மட்டும்தான், பேனா மை கரைப்பானோடு ஏறிவிடும். புள்ளி 3 மி.மீ.க்கு மேல் பரவக்கூடாது. ஒரே மூச்சில் 20 மைக்ரோலிட்டரை ஊற்றாமல் தொட்டு, காயவிட்டு, மறுபடி தொட்டு வையுங்கள். ஹெக்சேன் 3 பங்கு, அசிட்டோன் 1 பங்கு ஊற்றி, உள்சுவரில் வடிதாள் ஒட்டிய ஜாடியை அரை மணி நேரம் மூடிவைத்த பிறகு பிளேட்டை இறக்குங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே பிளேட்டில் நான்கு தடம் வேண்டும்: அட்ரசின் மட்டும், மருந்தே படாத மண், அதே மண்ணில் நீங்களே அளந்து அட்ரசின் கலந்தது, உங்கள் காட்டு மண். ஐந்தாவதாக உங்கள் சாற்றின் மேலேயே அட்ரசினையும் ஏற்றி ஒரு புள்ளி. இரண்டும் ஒரே பொருள் என்றால் ஒற்றைப் புள்ளியாக ஏறும், வேறு என்றால் நீண்டோ பிரிந்தோ நிற்கும். புத்தகத்தில் போட்டிருக்கிற ஆர்எஃப் எண்ணை (புள்ளி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்தது) நம்பி முடிவு சொல்லாதீர்கள், பிளேட்டின் ஈரப்பதம் மாறினாலே அது மாறும். சுத்தமான அட்ரசின் கையில் இல்லை என்றால், அடையாளம் பார்க்க மட்டும், அப்பா அடித்த தூளையே அசிட்டோனில் குலுக்கி வடிகட்டினால் போதும், தூளில் கலந்திருக்கிற களிமண் அடியில் நின்றுவிடும்.

பச்சையம்:
மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் யூவியில் கறுப்பாகத் தெரிவது எல்லாம் களைக்கொல்லி ஆகிவிடாது, 254-இல் ஒளியை உறிஞ்சுகிற எதுவும் அங்கே கறுப்பாகத்தான் தெரியும். அட்ரசினுக்கு அதைவிட அழகான ஒரு சோதனை இருக்கிறது, செலவும் குறைவு: கீரைச் சோதனை. ஹில் வினை என்று படித்திருப்பீர்கள், வெளிச்சத்தில் பசுங்கணிகம் சாயத்துக்கு எலக்ட்ரான் கொடுத்து நிறமிழக்கச் செய்வது.

அட்ரசின் செடியைக் கொல்வதே பசுங்கணிகத்தில் ஒளி அமைப்பு II என்கிற பகுதியில் எலக்ட்ரான் ஓட்டத்தை அடைத்துத்தான். அதையே பிளேட்டில் செய்து பார்க்கிறோம். பாலக் கீரையை ஐஸில் குளிர்ந்த பாஸ்பேட் பஃபரில் (பிஎச் 7.5 பக்கம், கொஞ்சம் சர்க்கரை சேர்த்து) அரைத்து மல் துணியில் வடிகட்டுங்கள். ஐஸிலும் இருட்டிலும் வைத்திருங்கள், நேரம் போகப் போக வீரியம் போய்விடும். டிசிபிஐபி என்கிற நீலச் சாயத்தை அதில் கலந்து, ஓடி முடிந்த பிளேட்டில் தெளித்து, விளக்கு வெளிச்சத்தில் காட்டுங்கள். பசுங்கணிகம் வேலை செய்கிற இடத்தில் சாயம் நிறமிழந்து பிளேட் மஞ்சள் கலந்த பச்சையாகும். அட்ரசின் உட்கார்ந்த இடத்தில் மட்டும் நீலம் அப்படியே நிற்கும். முதல் தடவை அந்த நீலப் பொட்டுகள் எழுந்து வந்ததைப் பார்த்தபோது நான் விளக்கை அணைக்கவே மறந்து நின்றேன். நிறம் சில நிமிடம்தான் தெளிவாக நிற்கும், போனில் உடனே படம் எடுத்துவிடுங்கள்.

யூவியில் தெரியாத பத்துக்கணக்கான நானோகிராமையும் இது காட்டும். இன்னொரு லாபம்: அட்ரசின் மண்ணில் சிதைந்து வரும் ஹைட்ராக்சி அட்ரசின் செடிக்குத் தீங்கு செய்யாது. அது யூவியில் கறுப்பாகத் தெரிந்தாலும் இதில் நீலமாக நிற்காது, தொடக்கக் கோட்டை ஒட்டியே கிடக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான், தெளிக்கும் முன் பிளேட்டில் கரைப்பான் வாடை துளிகூட இருக்கக்கூடாது, இருந்தால் பசுங்கணிகம் செத்துப் பிளேட் முழுக்க நீலமாகவே நிற்கும்.

கீரை கிடைக்காவிட்டால் மக்காச்சோள இலையிலும் முயலலாம். மக்காச்சோளம் தப்பிப்பது அட்ரசினைக் குளுட்டதயோனோடு பிணைத்துச் செயலிழக்கச் செய்வதால்தான், அதன் பசுங்கணிகம் மற்றச் செடிகளைப் போலவே அட்ரசினுக்கு அடங்கும்.

களையெடுப்பு:
இதே வழியில் கிளைபோசேட், 2,4-டி பார்க்கலாமா? எங்கள் பக்கத்துக் காட்டில் அடித்த 2,4-டி காற்றில் வந்து பருத்தி இலை எல்லாம் வெண்டை இலை மாதிரி ஒடுங்கிவிட்டது.

சிலிக்காமேடை:
கீரைச் சோதனைக்கு இரண்டுமே சிக்காது, அவை செடியைத் தாக்கும் இடம் வேறு. 2,4-டி அமிலம் என்பதால் சாற்றை பிஎச் 2-க்கு இறக்கிய பிறகுதான் கரைப்பானில் வரும், பிளேட்டில் இழுக்காமல் இருக்க ஓடும் கரைப்பானில் சில சொட்டு அசிட்டிக் அமிலம் விடுங்கள். கிளைபோசேட் தண்ணீரை விட்டு வராது, இந்தப் பிரித்தெடுப்பு உதவாது. நின்ஹைட்ரின் தெளித்துப் பார்ப்பார்கள். நீங்கள் சொல்கிற பருத்தி இலையின் உருவமே 2,4-டிக்கு நல்ல அடையாளம். படமும் தேதியும் இப்போதே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

மானாவாரி:
பிளேட் ஒரு பக்கம் ஓடட்டும், அப்பாவுக்கு இன்றைக்கே ஒரு வேலை சொல்லுங்கள். வரப்போர மண்ணை இரண்டு தொட்டியில் போடுங்கள். ஒன்றில் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பிடி கலந்துவிடுங்கள், மூன்றாவது தொட்டியில் மருந்து படாத மண். மூன்றிலும் வெள்ளரி விதை. கார்பன் அட்ரசினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார்பன் தொட்டி பச்சையாக நின்று, வெறும் மண் தொட்டி ஓரம் வெளுத்தால் காரணம் மண்ணில்தான் இருக்கிறது, இலை நோய் இல்லை. அதுவரைக்கும் பூஞ்சாணக்கொல்லிக்கு இன்னும் காசு போடாதீர்கள்.

வெங்காயக்காடு:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சொன்ன தடங்கள், கூட்டுப்புள்ளி, எல்லாம் வைத்தேன், காட்டு மண்ணை மட்டும் வரப்போரம், நடுக்காடு என்று இரண்டு தடமாக. முதல் பிளேட் போனது, காயவைத்தது போதவில்லை, பச்சையம் சொன்ன மாதிரி முழு நீலம். இரண்டாவதை ஹேர் டிரையரின் குளிர்காற்றில் கால் மணி நேரம் காட்டினேன். யூவியில் வரப்போர மண்ணில் மட்டும் அட்ரசின் உயரத்தில் மங்கலாக ஒரு கறுப்பு, நடுக்காட்டில் ஒன்றுமே இல்லை. கீரை தெளித்த பிறகு வரப்போர மண்ணில் அழுத்தமான நீலம், நடுக்காட்டிலும் மிளகளவுக்கு ஒரு நீலம் வந்தது! மருந்து படாத மண்ணில் எதுவும் இல்லை. கூட்டுப்புள்ளி ஒற்றையாகத்தான் ஏறியது. தொடக்கக் கோட்டை ஒட்டி யூவியில் கறுப்பாகத் தெரிந்தது தெளித்த பிறகு பச்சையாகிவிட்டது.

வெள்ளரியில் பன்னிரண்டாம் நாள் வெறும் மண் தொட்டி மட்டும் இலை ஓரம் வெளுத்தது. அப்பா கார்பன் தொட்டியையும் அதையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வரப்போரப் பாத்திகளில் வெங்காயத்தைப் பிடுங்கிவிட்டுத் தீவனச் சோளம் விதைக்கப்போகிறோம், சோளம் அட்ரசினைத் தாங்கும் என்பதால். நடுக்காட்டு வெங்காயம் தேறி வருகிறது.

சிலிக்காமேடை:
நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. நீலப் பொட்டின் பரப்பை வைத்து அளவு சொல்ல ஆசை வந்தால், அட்ரசின் 50, 100, 200, 400 நானோகிராம் என்று வரிசையாக அதே பிளேட்டில் வைத்து ஒப்பிட்டு, எந்த இரண்டுக்கு நடுவில் என்று மட்டும் எழுதுங்கள். அளந்து கலந்த மண்ணில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.