சட்டைக்குள்ள பிஸ்டலைக் காட்டிக் கொடுக்குறது குழலா, பிடியா?

பாலாத்தங்கரை:
புதுசா துப்பாக்கி லைசென்ஸ் வாங்கின ஒருத்தர், "இடுப்புல மறைச்சு வைக்க எந்த .32 (குழல் துளை அளவு) பிஸ்டல் எடுக்கலாம்"னு நேத்து கேட்டிருந்தாரு. அதுக்கு காட்பாடி_ஜங்ஷன் குடுத்த பதில்: "குழல் எவ்ளோ குட்டையோ அவ்ளோ நல்லா மறையும், வேற எதையும் பாக்காதீங்க." படிச்சதும் பத்திக்கிச்சு. இதை நம்பி ஒருத்தர் லட்சக்கணக்குல காசு போடப் போறாரு!

குழல் பேண்ட்டுக்குள்ள தொடையை ஒட்டிக் கீழ பாத்துக் கிடக்குது. அது அரை இன்ச் நீண்டா யாருக்குத் தெரியும்? துருத்தினு நிக்கிறது பிடி. இடுப்புக்குப் பின்னால குறுக்க நிக்குது, குனிஞ்சா சட்டையைக் கூடாரமாட்டம் தூக்குது. முதல்ல பாக்க வேண்டியது பிடியோட உயரம். அப்புறம் தடிமன். குழல் கடைசி.

காட்பாடி_ஜங்ஷன்:
நாள் பூரா நின்னுட்டே இருக்கிறவங்களுக்கு நீங்க சொல்றது சரி. நம்ம ஊர்ல ஜனங்க வண்டியில போறாங்க சார். காட்பாடியில இருந்து பாகாயம் வரைக்கும் ஸ்கூட்டர்ல உட்கார்ந்து பாருங்க. நீளக் குழல் சீட்டுல முட்டும். முட்டினா மொத்த துப்பாக்கியும் மேல ஏறும், பிடி விலாவுக்கு வந்துடும். அப்போ காட்டிக் கொடுத்தது எது? குழல்தான்.

பாலாத்தங்கரை:
மேல ஏறினாலும் கண்ணுல படறது பிடிதானே! நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

கணக்கு போடுவோம். வால்தர் பிபி, 1929ல வந்தது: குழல் 98 மி.மீ., உயரம் 109 மி.மீ., .32ல 8 ரவுண்டு மேகசின் (பிடிக்குள்ள போற தோட்டாப் பெட்டி). அதோட குட்டித் தம்பி பிபிகே: குழல் 83, உயரம் 100ஐ ஒட்டி, 7 ரவுண்டு. குழல்ல குறைச்ச 15 மி.மீ. பேண்ட்டுக்குள்ள போற இடம், அதனால லாபம் கம்மி. பிடியில குறைச்ச 9 மி.மீ. சட்டையில முட்டுற இடம். பிபிகே மறையுதுன்னா அந்த 9 மி.மீ.தான் காரணம், 15 இல்ல.

குழல் ரொம்பக் குட்டையானா இன்னொரு கேடும் கீது. லோடு பண்ண மேகசின் பிடியில இருக்கறதால எடையெல்லாம் பெல்ட்டுக்கு மேல நிக்கும். கீழ பிடிமானம் இல்லாம தலை, அதாவது பிடிப் பக்கம், வெளிய சாயும். பெல்ட்டுக்குக் கீழ நீளம் இருந்தா கடப்பாரை நெம்புற மாதிரி வேலை செய்யும்: கீழ்ப்பக்கத்தை உடம்பு வெளிய தள்ளும், பெல்ட் தாங்கும், மேல பிடி உள்ள வந்து இடுப்போட ஒட்டும். துப்பாக்கி உறையோட மூக்குக்கிட்ட (குழல் முனைப் பக்கம்) ஒரு சின்ன ஆப்பு ஒட்டினா இன்னும் நல்லா ஒட்டும். குட்டைக் குழலுக்கு இதெல்லாம் எங்க?

சத்துவாச்சாரி_புதுசு:
கேள்வி கேட்டது நான்தான். வெளிநாட்டு வீடியோவுல 9 எம்.எம். குட்டி பிஸ்டல் நிறைய காட்டுறாங்களே, அது இங்க கிடைக்குமா?

கம்மவான்பேட்டை_பட்டாளம்:
கிடைக்காது தம்பி. 9 எம்.எம். பாரபெல்லம் சிவிலியனுக்குத் தடை செஞ்ச துளை அளவு. பட்டாளத்துல 1ஏங்கிற 9 எம்.எம். பிஸ்டல் பிடிச்ச கைக்கு .32 விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனா சிவிலியனுக்கு பெரும்பாலும் அதுதான். அரசு ஆலையோட அஷானி பிஸ்டல், இல்லன்னா 1980களுக்கு முன்னாடி இறக்குமதியாகி கை மாறி வர்ற பழைய வால்தர், பிரௌனிங், கோல்ட் (Colt) கம்பெனி பிஸ்டல்.

தோட்டா வாங்கும்போது ஏமாறாத. ரிவால்வருக்கு வர்றது .32 லாங், பிஸ்டலுக்கு வர்றது .32 ஏசிபி. பேரு ஒண்ணு, தோட்டா வேற. ஏசிபி முழு நீளம் 25 மி.மீ. கிட்ட, லாங் 32 மி.மீ.க்கு மேல.

ஏசிபியோட அடி விளிம்பு லேசா வெளிய நிக்கும். மேகசின் நிரப்பும்போது மேல் ரவுண்டோட விளிம்பு கீழ் ரவுண்டு விளிம்புக்குப் பின்னால போய்ட்டா ரெண்டும் கொக்கி மாட்டிக்கும். ஸ்லைடை (குழலுக்கு மேல முன்னும் பின்னும் நகர்ற இரும்புப் பாகம்) எத்தனை தரம் இழுத்தாலும் விடாது, மேகசினைக் கழட்டித்தான் எடுக்கணும். ஒவ்வொரு ரவுண்டா முன்னால வச்சு, பின்னால நல்லா அழுத்தித் தள்ளு. மேல் ரவுண்டு விளிம்பு கீழ் ரவுண்டுக்கு முன்னால இருக்கணும்.

காட்பாடி_ஜங்ஷன்:
பட்டாளம் சார் சொல்றதெல்லாம் சரி. ஆனா என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. உட்கார்ந்தா?

ஆம்பூர்_உறைக்காரன்:
ரெண்டு பேரும் துப்பாக்கியையே பாக்குறீங்க, உறையைப் பாக்கலையே. பை மாதிரி தொளதொளன்னு ஒரு உறையில வச்சா பிபிகேவும் துருத்தும். 3 மி.மீ.க்குக் குறையாத, பட்டையில பதம் போட்ட தோல் வேணும். நனைச்சு, துப்பாக்கி மேலயே அழுத்தி, அச்சு பிடிச்சுக் காய வைக்கணும். டிரிகர் முழுசா மூடியிருக்கணும். துப்பாக்கியை உருவினதும் உறையோட வாய் திறந்தே நிக்கணும். குரோம் உப்புல பதம் போட்ட தோல் மெத்துனு இருக்கும், வாய் மூடிக்கும். திரும்ப வைக்கறப்ப மடிஞ்ச தோல் டிரிகருக்குள்ள போனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பெல்ட் ஒன்றரை இன்ச் அகலம், வளையாததா இருக்கணும். வேட்டிக்குக் கட்டுற பச்சை பெல்ட்டு இதுக்கு ஆகாது.

ராணிப்பேட்டை_டேனரி:
பாய், குரோம் தோலைக் குறை சொல்றதே உங்க ஊருக்கு வேலையாப் போச்சு. பட்டைத் தோல் என்ன சொக்கத் தங்கமா? பித்தளை தோட்டாவை அதுல வச்சா பச்சையா பூத்துடும்.

ஆம்பூர்_உறைக்காரன்:
தோட்டாவை உறையில வைக்கச் சொன்னது யாரு? ராத்திரி துப்பாக்கியையே உறையில வைக்கக்கூடாதுன்னுதான் சொல்றோம். தோல் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். தேர்தலுக்குத் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கிறப்பவும் உறையோட குடுக்காதீங்க. 2019ல வேலூர் தொகுதிக்கு ஏப்ரல்ல நடக்க வேண்டிய தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5லதான் நடந்துச்சு. அத்தனை மாசம் தோலுக்குள்ள கிடந்தா ஸ்லைடு என்னாகும்?

பாலாத்தங்கரை:
துருன்னதும் ஞாபகம் வருது. போன மழைக்காலத்துல இங்க ஸ்லைடுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாம்னு சொன்னதும் இதே காட்பாடி_ஜங்ஷன்தான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறையும். மார்கழி விடிகாலையில ஸ்லைடு பாதியில நிக்கும். நாள்பட்டா சிக்கு வாடை அடிக்கும். வேர்வை பட்ட துப்பாக்கியை அன்னைக்கே காஞ்ச துணியில துடைச்சு, துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மெல்லிசாப் பூசணும். பிடிப் பலகைக்குக் கீழதான் உப்பு தங்கும், மாசம் ஒருக்கா திருகாணியைக் கழட்டிப் பாருங்க.

காட்பாடி_ஜங்ஷன்:
எண்ணெய் விஷயத்தை இன்னும் எத்தனை வருஷம் இழுப்பீங்க? கேட்டதுக்கு பதில் இல்லன்னா பழசைத் தோண்டறது. குழல் குட்டையா இருந்தா உட்காரலாம், நீளமா இருந்தா உட்கார முடியாது. இதுல எது தப்பு?

பாலாத்தங்கரை:
தப்பு எதுன்னா, வைக்கிற இடம். முன் வயித்துல வச்சாத்தான் உட்காரும்போது தொடையில குத்தும். வலது இடுப்பு எலும்புக்குக் கொஞ்சம் பின்னால, பிடி முன்னால சாய்ற மாதிரி 10 - 15 டிகிரி சாய்ச்சு வைங்க. பிடி முதுகு வளைவோட போகும், குழல் பிட்டத்துக்குப் பக்கவாட்டுல இறங்கும். சீட்டுல முட்டாது. அப்பவும் தெரியறது பிடியோட அடி முனை. அதுல சுண்டு விரல் வைக்க நீட்டின மேகசின் அடித்தட்டு வேற போட்டா, குறைச்ச 9 மி.மீ. திரும்பி வந்துடும்.

பழைய_வடாற்காடு:
லேசா தெரிஞ்சா என்ன குடி முழுகிடும்னு யாராவது நினைச்சா, 2016 ஆயுத விதிகளைப் படிங்க. பொது இடத்துல கைத்துப்பாக்கி உறையில இருக்கணும், முழுசா மூடியிருக்கணும், உங்க கட்டுப்பாட்டுல இருக்கணும். மறைக்கிறது ஸ்டைலுக்கு இல்ல, சட்டம்.

கம்மவான்பேட்டை_பட்டாளம்:
இன்னொண்ணு. அஷானியிலயும் பழைய கோல்ட் 1903லயும் சுத்தியல் உள்ள மறைஞ்சிருக்கு. சுடத் தயாரா சுத்தியலைப் பின்னால ஏத்தியிருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. இடுப்புல வைக்கிற புது ஆள் சேம்பரை (குழலோட பின்பக்கம் தோட்டா நிக்கிற அறை) காலியா வைக்கணும்.

பாலாத்தங்கரை:
அது தனி விவாதம் சார், இங்க வேணாம். சத்துவாச்சாரி தம்பி, காசு போடறதுக்கு முன்னால ஒண்ணு செய். கெட்டி அட்டையில 170க்கு 109 மி.மீ. (பிபி அளவு) ஒரு துண்டு, 155க்கு 100 (பிபிகே அளவு) ஒரு துண்டு, பிஸ்டல் வடிவத்துல வெட்டு. நாலு அட்டையை ஒட்டி 25 மி.மீ. தடிமன் ஆக்கு. பெல்ட்டுக்குள்ள சொருகிட்டு, நீ தினம் போடற சட்டையைப் போடு. பக்கவாட்டுல விளக்கு வச்சு குனி, அலமாரி மேல்தட்டுக்குக் கை நீட்டு. அடுத்து, பெரிய அட்டையில குழலை மட்டும் ஒரு இன்ச் வெட்டிட்டுப் பாரு. மாத்தமே இருக்காது. பிடியை வெட்டிட்டுப் பாரு, அப்ப தெரியும்.

காட்பாடி_ஜங்ஷன்:
அட்டைக்கு எடை ஏது? நிஜ பிஸ்டல் 600 கிராம் தொங்கும்.

பாலாத்தங்கரை:
மீன்வலை ஈயக்குண்டு 600 கிராம் வாங்கி, பாதிக்கு மேல பிடிப் பக்கம் ஒட்டுங்க. ஒட்டிட்டு குட்டைக் குழல் அட்டையைச் சொருகிப் பாருங்க, தலை எந்தப் பக்கம் சாயுதுன்னு.

சத்துவாச்சாரி_புதுசு:
அப்போ அஷானியா, பழைய பிபிகேவா?

காட்பாடி_ஜங்ஷன்:
அட்டையை வச்சுக்கிட்டு ஸ்கூட்டர்ல உட்காரச் சொல்லுங்க அவரை. நிக்க வச்சே பேசுறாரு.

பாலாத்தங்கரை:
உட்கார வச்சும் சொல்லிட்டேன், இடத்தை மாத்துங்கன்னு. பிடி. திரும்பவும் சொல்றேன், பிடி.