பிரெக்சிட்: வெளியேற ஓட்டுப் போட்டவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

செல்வா (ரெடிங்):
மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் விவாதப் போட்டி. தலைப்பு, ‘பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது சரியே’. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்குச் ‘சரியே’ அணி விழுந்துவிட்டது. வீட்டில் உதவ ஆள் இல்லை. நானும் மனைவியும் ‘இருக்கலாம்’ என்று போட்டவர்கள். 2016 ஜூன் 23 அன்று நடந்த ஓட்டெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். அதில் நம் ஆட்களும் உண்டு, எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். இப்போது கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். இங்கே யாராவது இருந்தால் மனம் விட்டு எழுதுங்கள். திட்ட மாட்டேன்.

ஹாரோ முருகேசு:
நான் போட்டேன் தம்பி. ஒளிக்க ஒன்றும் இல்லை.

அப்போது எனக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. தோசைக்கல்லில் நிற்க ஆள் வேண்டும். ஊரிலிருந்து கைதேர்ந்த ஒருவரை எடுக்கலாம் என்று பார்த்தால், வருடச் சம்பளம் 29,570 பவுண்டுக்குக் குறையக் கூடாது. சரி, எப்படியாவது கொடுக்கலாம் என்றால், பார்சல் கட்டிக் கொடுக்கிற கடைக்குச் சமையல்காரர் விசாவே கிடையாது என்று ஒரு விதி. நம் கடைகளில் பார்சல் கட்டாத கடை எது? அதே நேரம் போலந்தின் வார்சாவில் காலையில் விமானம் ஏறுகிற பெடியன் மத்தியானம் என் கடை வாசலில் வந்து வேலை கேட்கலாம். நல்ல பெடியன்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தோசை சுடத் தெரியாதே!

2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் எட்டு ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அங்கிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு ஜெர்மனியும் பிரான்சும் வருடக்கணக்கில் கதவைச் சாத்தி வைத்தன. பிரித்தானியாவும் அயர்லாந்தும் சுவீடனும்தான் முதல் நாளே திறந்துவிட்டன. அவர்களை உள்ளே விட்ட கணக்கை நம் ஆட்களை இறுக்கித்தான் சமன் செய்தார்கள் என்பது என் எண்ணம். வெளியேறினால் கறிக் கடைகளுக்கு விடிவு என்று ஒரு பிரசாரமே நடந்தது. நம்பினேன்.

ரஞ்சி:
முருகேசு அண்ணை, ‘அவர்கள்’ என்று எழுதினீர்களே, அதற்குள் நானும்தான் இருக்கிறேன்.

நெதர்லாந்தில் அகதியாகப் பதிந்து, அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து, 2003இல் பிள்ளைகளின் படிப்புக்காக ஈஸ்ட் ஹாமுக்கு வந்தவள் நான். ஜெர்மனியிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் பிரான்சிலிருந்தும் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இப்படி வந்தன என்று உங்களுக்குத் தெரியாததா? அந்த ஒன்றியத்தின் தயவில்தான் விசா இல்லாமல் வந்தோம். 2016இல் எனக்கு இங்கே பதின்மூன்று வருடம். வரி கட்டினேன். வாக்கு இல்லை. செல்வா தம்பி, நீங்கள் எப்போது வந்தீர்கள்?

செல்வா (ரெடிங்):
2014 டிசம்பர், வேலை விசாவில். அப்போது இந்தியப் பாஸ்போர்ட்தான். காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் ஓட்டு இருந்தது. உங்கள் பதிவைப் படித்ததும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது அக்கா.

ரஞ்சி:
உங்கள் பிழை இல்லை தம்பி. ஒன்றியத்து ஆட்களில் அயர்லாந்து, மோல்டா, சைப்ரஸ்காரருக்கு மட்டும்தான் வாக்கு. எங்களைப் பற்றி மற்றவர்கள் முடிவு செய்தார்கள்.

அப்புறம் 2021 ஜூன் 30க்குள் எல்லாரும் நிரந்தர வதிவிடத்துக்குப் பதிய வேண்டும் என்றார்கள். பதிந்தேன், கிடைத்தது. ஆனால் கையில் பிடிக்க ஓர் அட்டை கிடையாது, எல்லாம் இணையத்தில். வீடு வாடகைக்குப் பார்க்கப் போனபோது முகவர் அட்டையைக் கேட்கிறார். அட்டை இல்லை, ஒன்பது எழுத்துக் குறியீடு எடுத்துத் தருகிறேன் என்று போனைத் திறந்தால், இணையம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. எனக்குப் பின்னால் இரண்டு குடும்பங்கள் வரிசையில். இருபது நிமிடம் அந்த வாசலில் நின்றேன். வீடு அவர்களில் ஒருவருக்குப் போனது.

வழக்குரை:
நீங்கள் எல்லாரும் விசாவையே சுற்றி வருகிறீர்கள். செல்வா, உங்கள் மகள் இதை எடுத்தால் தோற்பாள். உருப்படியான வாதம் ஒன்றுதான்: சட்டம் போடுகிறவரைப் பிடிக்காவிட்டால் அவரை வீட்டுக்கு அனுப்ப வழி இருக்கிறதா? லேபர் கட்சியின் டோனி பென், ஐரோப்பியச் சமூகத்தில் தொடர்வதா என்று 1975இல் நடந்த வாக்கெடுப்பிலேயே வெளியேறச் சொன்னவர், கடைசிவரை இந்தக் கேள்வியை விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்ட முன்வரைவைக் கொண்டுவரும் அதிகாரம் அதன் நிர்வாகக் குழுவான ஐரோப்பிய ஆணையத்துக்குத்தான். மக்கள் தேர்ந்தெடுத்த ஐரோப்பிய நாடாளுமன்றத்தால்கூட அதை நேரடியாகச் செய்ய முடியாது. ஆணையத்தில் இருப்பவரை எந்தத் தொகுதி மக்கள் தோற்கடிப்பது?

கிளாஸ்கோ பரணி:
வழக்குரை பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டார். ஆணையம் எழுதியதை நிறைவேற்றுவது உறுப்பு நாடுகளின் அமைச்சர்களும் அதே நாடாளுமன்றமும். அந்த மேசையில் பிரிட்டனுக்கு நாற்காலி இருந்தது. யூரோ வேண்டாம் என்றார்கள், விலக்கு கிடைத்தது. எல்லைச் சோதனையை எடுக்க மாட்டோம் என்றார்கள், அதுவும் கிடைத்தது. 1984இல் பிரதமர் தாட்சர் சண்டை போட்டு, ஒன்றியத்துக்குக் கட்டுகிற சந்தாவில் தள்ளுபடியும் வாங்கினார். ஒன்றியத்துக்குப் போகிறது என்று வெளியேறச் சொன்னவர்கள் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டிய ‘வாரம் 350 மில்லியன் பவுண்ட்’ அந்தத் தள்ளுபடியைக் கழிக்காத கணக்கு. கழித்த பிறகுதான் பணமே போகும். வாடகை ஆயிரம், வீட்டுக்காரர் கேட்பது எழுநூறு, நாம் ஊரெல்லாம் ஆயிரம் கட்டுகிறேன் என்று சொல்லித் திரிவது போல.

இப்போது வட அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே 55.8 சதவீதம் இருக்கச் சொன்னது. ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்து நாட்டின் எல்லையில் மறுபடி சோதனைச் சாவடி வரக் கூடாது என்பதற்காக, சரக்கு விஷயத்தில் ஐரோப்பிய விதிகள் பல இன்னும் அங்கே செல்லும். அந்த விதிகள் போடப்படும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. வெளியேறச் சொன்னவர்களின் ‘கட்டுப்பாட்டை மீட்டோம்’ என்பது இதுதானா?

எங்கள் கதை இன்னும் வேடிக்கை. 2014இல் ஸ்காட்லாந்து தனியே போனால் ஐரோப்பாவும் கையை விட்டுப் போகும் என்று மிரட்டினார்கள். 55 சதவீதம் பேர் பிரிட்டனோடு இருந்தார்கள். 2016இல் 62 சதவீதம் பேர் ஐரோப்பாவோடு இருக்கலாம் என்றோம். கேட்டது யார்?

குரங்குப்பெடல்:
வெளியேறிய பெருமைக்கு நீலப் பாஸ்போர்ட் வந்ததே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? புத்தகம் தயாரானது ஒன்றியத்தில் இருக்கும் போலந்தில்.

வழக்குரை:
பேருந்துக் கணக்கு பொய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொரோனா தடுப்பூசி? 2020 டிசம்பர் 2ஆம் தேதியே ஃபைசருக்கு அனுமதி கொடுத்தோம். ஒன்றியம் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

கிளாஸ்கோ பரணி:
தேதியைப் பாருங்கள். டிசம்பர் 31 வரை வெளியேற்றத்துக்கான இடைக்காலம், ஐரோப்பிய விதிகள்தான் நடப்பில் இருந்தன. அவசரத்துக்கு ஒரு நாடு தானே அனுமதி கொடுக்கலாம் என்று அந்த விதியிலேயே இடம் இருந்தது. செல்வா, மகளிடம் சொல்லிவையுங்கள், மேடையில் இதை எடுத்தால் எதிரணி அங்கேயே பிடித்துக்கொள்ளும். வேண்டுமானால் 2025இல் அமெரிக்கா போட்ட இறக்குமதி வரியை எடுக்கட்டும்: பிரிட்டனுக்கு 10 சதவீதம், ஒன்றியத்துக்கு 15. அதே வருடம் இந்தியாவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தமும் வெளியே இருப்பதால் தனியாகப் போட முடிந்ததுதான். பொருளாதாரத்தைக் கணிக்கும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் (OBR), வெளியேறியதால் நீண்ட காலத்தில் உற்பத்தித் திறன் 4 சதவீதம் அடிபடும் என்று போட்ட கணக்குக்கு முன் இதெல்லாம் எவ்வளவு என்பது வேறு விஷயம்.

ஹாரோ முருகேசு:
இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ரஞ்சி தங்கச்சி, அந்த வாசலில் நின்ற கதை மனதைக் குடைந்தது. உங்களை நினைத்து நான் வாக்குப் போடவில்லை. அதுதான் பிழை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

விடிவு வந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2021இல் விதி இளகியது. இரண்டு சமையல்காரர்களை எடுத்தேன், கடை நிமிர்ந்தது. 2024 ஏப்ரலில் சம்பள வரம்பை 38,700க்குத் தூக்கினார்கள். 2025 ஜூலையில் 41,700. இப்போது பட்டப்படிப்புத் தரத்து வேலை என்றால்தான் புதிதாக விசா, சமையல்காரர் அந்தக் கணக்கிலேயே இல்லை. இதற்கிடையில் நாட்டுக்குள் வந்தவர்களில் வெளியே போனவர்களைக் கழித்து மிஞ்சிய தொகை ஒரே வருடத்தில் 9 லட்சத்தைத் தாண்டியதாம். ஆட்கள் வேண்டாம் என்று வாக்குப் போட்டவனும் ஏமாந்தான், ஆட்கள் வேண்டும் என்று போட்ட நானும் ஏமாந்தேன்!

ஆனாலும் வழக்குரை சொன்னதில் ஒன்று எனக்கு ஒட்டுகிறது. முந்தி என் கடை ஏன் வாடுகிறது என்று கேட்டால் வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கும் அரசு, ஒன்றியத்தின் தலைமையகமான புரூசல்ஸைக் காட்டும். இப்போது காட்ட ஆள் இல்லை. 2024 ஜூலையில் அந்தக் கோபத்தை வாக்குச் சீட்டில் காட்டினேன், அந்தக் கன்சர்வேட்டிவ் அரசு போனது. புதிதாக வந்தவர்களும் என் தோசைக்கல்லுக்கு ஆள் தரவில்லை, அவர்கள் கணக்கையும் அடுத்த முறை பார்ப்பேன். மறுபடி வாக்கெடுப்பு வைத்தால் எங்கே போடுவேன்? உண்மையாகவே தெரியாது.

செல்வா (ரெடிங்):
முருகேசு அண்ணாவின் கடைசிப் பத்தியை மகள் அப்படியே குறித்துக்கொண்டாள். தடுப்பூசியை அடித்துவிட்டாள். ரஞ்சி அக்கா, உங்கள் வாடகை வீட்டுக் கதையை எதிரணியில் இருக்கும் அவள் தோழிக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறாள்.

ரஞ்சி:
கொடுக்கட்டும், பெயர் மட்டும் வேண்டாம். இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: 2023இல் நானும் கணவரும் பிரித்தானியக் குடியுரிமை எடுத்தோம். இருவருக்கும் நெதர்லாந்துக் குடியுரிமை போய்விட்டது, இரண்டையும் வைத்திருக்க அந்த நாடு எங்களை விடவில்லை. 2024 ஜூலையில் இந்த நாட்டின் பொதுத் தேர்தலில் முதல் முறையாக வாக்குப் போட்டேன். முருகேசு அண்ணை எந்த அரசைத் தூக்கினாரோ, அதைத் தூக்கத்தான்.