முட்டித் தேய்மானத்துக்கு வைட்டமின் டி: பலன் உண்டா, இல்லையா?

செங்கதிர்:
நேற்று மூட்டு வலித் திரியில் நடைப்பயணி, 'முழங்கால் தேய்மானத்துக்கு வைட்டமின் டி கொடுப்பது வீண். வலியும் குறையாது, தேய்மானமும் நிற்காது' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

என் அம்மாவுக்கு 64 வயது. எக்ஸ்ரேயில் ரெண்டு முட்டியிலும் தேய்மானம். நாற்காலியை விட்டு எழ வேண்டுமென்றால் இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து, உந்தித்தான் எழுவார். ரத்தத்தில் டி அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம்தான், ரொம்பக் குறைவு. வாரம் ஒரு 60,000 யூனிட் மாத்திரையும் தினமும் கால்சியமும் எழுதிக் கொடுத்தார்கள். சில மாதங்களில் கை ஊன்றாமல் எழ ஆரம்பித்தார். இப்போது மாடிப்படி ஏறுகிறார். கண் முன்னால் நடந்ததை வீண் என்று எப்படிச் சொல்வது?

நடைப்பயணி:
அம்மா நடமாடுகிறார் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒருவருக்குக் குறைந்ததை வைத்து மருந்தை எடை போட முடியாது செங்கதிர். முட்டி வலி ஏறி இறங்கும் வலி. தாங்க முடியாதபோதுதான் டாக்டரிடம் போகிறோம். அதற்குப் பிறகு எதைச் சாப்பிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதனால்தான் பாதிப் பேருக்கு மருந்தும், மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

அப்படி நடந்த சோதனைகள் என்ன சொல்கின்றன? 2013இல் அமெரிக்காவில் 146 பேருக்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள். வலியிலும், மூட்டுக்குள் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருந்து தேய்ந்துபோகும் குருத்தெலும்பின் அளவிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் 474 பேருக்குத் தினமும் 800 யூனிட், மூன்று வருடம். குருத்தெலும்பு தேயத் தேய எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறையும்; அது இரு தரப்புக்கும் ஒரே மாதிரிதான் குறைந்தது. பிறகு 2020இல், முட்டி வலி உள்ள 1,398 பேரை வைத்து தினமும் 2,000 யூனிட் கொடுத்த ஆய்வு வெளிவந்தது. சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்தும் வலியில் மாற்றம் இல்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996இல், அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், டி குறைவாக இருந்தவர்களுக்குத் தேய்மானம் வேகமாக முற்றுவதாகத் தெரிந்தது. அது இரண்டும் சேர்ந்து இருப்பதைக் காட்டியதே தவிர, ஒன்றால்தான் மற்றது வருகிறது என்று நிரூபிக்கவில்லை. முட்டி வலிப்பவர் வெளியே போவதில்லை, வெயில் படுவதில்லை, டி குறைகிறது. உடல் எடை கூடியவர்களுக்கும் ரத்தத்தில் டி குறைவாகவே இருக்கும். அதே எடைதான் முட்டியையும் கெடுக்கிறது. 2007இல் வேறு தரவுகளோடு மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பே தென்படவில்லை.

செங்கதிர்:
நீங்கள் சொன்ன ஆய்வுகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அவற்றில் சேர டி குறைபாடு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. உடம்பில் போதுமான அளவு டி இருப்பவருக்கு இன்னும் கொடுத்துவிட்டு, பலன் இல்லை என்று எழுதினால் அது என்ன முடிவு? வயிறு நிறைந்தவனுக்குச் சோறு போட்டுவிட்டு, சோறு பசியைத் தீர்க்காது என்று சொல்வது போலத்தான்.

குறைபாடு உள்ளவர்களை மட்டும் எடுத்து இந்தியாவில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 2013இல் வந்தது, 107 பேர், ஒரு வருடம். டி எடுத்தவர்களுக்கு வலி குறைந்திருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நடைப்பயணி:
நியாயமான கேள்வி. அந்த ஆய்வில் கிடைத்த வித்தியாசம் சிறியது. அதை எழுதியவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். சரி, குறைந்தவர்களை மட்டும் எடுத்த இன்னொன்றைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 413 பேர், டி அளவு சுமார் 5 முதல் 24 நானோகிராம் வரை இருந்தவர்கள். மாதம் 50,000 யூனிட், இரண்டு வருடம். ரத்தத்தில் டி நன்றாகவே ஏறியது. குருத்தெலும்பில் மாற்றமில்லை. வலி இரு குழுவுக்கும் குறைந்தது, மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும்தான். வித்தியாசம் உண்டு என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இடைவெளி இல்லை. உங்கள் சோற்றுக் கணக்கு இங்கே பொருந்தவில்லையே.

வேல்விழி:
நான் பிசியோதெரபிஸ்ட். செங்கதிர் எழுதியதில் எல்லோரும் தாண்டிப் போய்விட்ட ஒரு விஷயம், அம்மா தொடையில் கை ஊன்றி எழுந்தது.

வெறும் தேய்மானத்தில் வலி மூட்டோடு இருக்கும். நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும், காலையில் கொஞ்ச நேரம் விறைப்பாக இருக்கும். டி கடுமையாகக் குறையும்போது நடப்பது வேறு. எலும்புக்கு உள்ளே சுண்ணாம்புச் சத்து சரியாகப் படியாமல் எலும்பு மெத்தென்று ஆகிவிடும். இதற்கு எலும்பு மென்மை நோய் என்று பெயர். இடுப்பையும் தொடையையும் சேர்ந்த பெரிய தசைகள் பலமிழக்கும். தரையில் இருந்து எழ முடியாது, படி ஏற முடியாது, நடை இரு பக்கமும் அசைந்து அசைந்து போகும். முன்னங்காலின் (முட்டிக்குக் கீழே முன்பக்கம்) எலும்பைக் கட்டை விரலால் அழுத்தினால் சுருக்கென்று வலிக்கும்.

60 வயதுக்கு மேல் பலருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும், அவர்களில் நிறையப் பேருக்கு வலியே கிடையாது. ஆகவே எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தும், வலியின் பெரும் பங்கு எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும் வந்திருக்கலாம். செங்கதிர், அம்மாவுக்கு முன்னங்கால் எலும்பு வலித்ததா? ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் பார்த்தார்களா? எலும்பு இப்படி மென்மையானால் கூடும் நொதி அது.

செங்கதிர்:
முன்னங்கால் வலித்தது அக்கா. ராத்திரியில் அங்கேதான் தேய்த்துவிடச் சொல்வார். நீங்கள் சொன்ன ரத்தப் பரிசோதனையும் கூடுதலாகத்தான் வந்திருந்தது. ஆனால் எனக்கு இதுதான் கேள்வி. முட்டி வலி என்று வந்தவருக்கு டி கொடுத்ததும் சரியாகிவிட்டது. எலும்பால் வந்தது, குருத்தெலும்பால் வந்தது என்று பிரிப்பதால் நோயாளிக்கு என்ன லாபம்?

நடைப்பயணி:
லாபம் பெரிது. அம்மாவுக்கு டி கொடுத்தது முழுக்கச் சரி. 9 இருப்பவருக்குக் கொடுக்காமல் விடுவதுதான் தவறு. ஆனால் அதையே 'தேய்மானத்துக்கு மருந்து' என்று சொன்னால், டி போதுமான அளவு இருப்பவரும் வாங்கிச் சாப்பிடுவார். மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்று உடற்பயிற்சியை விட்டுவிடுவார். வலி விடவில்லையென்றால் அளவைக் கூட்டுவார்.

டி கொழுப்பில் கரைவது, உடம்பிலேயே தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், சிறுநீரகக் கல் வரை போகும். 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த இன்னொரு ஆய்வில், வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தது. விழுந்தவர்களும் எலும்பு முறிந்தவர்களும் மருந்து எடுத்த குழுவில்தான் அதிகம். எலும்பைக் காக்கக் கொடுத்தது எலும்பு முறிவைக் கூட்டியிருக்கிறது. எனக்குப் பயமே இதுதான்.

மழைமுகில்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு 52 வயது, படி இறங்கும்போது வலது முட்டி வலிக்கிறது. டி 24. பரிசோதனைத் தாளில் 'குறைவு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஊசி போட்டுக்கொள்ளலாமா?

நடைப்பயணி:
அந்தத் தாள் 30ஐ எல்லையாக வைத்திருக்கும். 2011இல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் சொன்ன எண் அது. கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ நிறுவனம், பெரும்பாலானோரின் எலும்புக்கு 20 போதும் என்றது. 2024இல் அந்தச் சங்கமே 30 என்ற எல்லையைக் கைவிட்டுவிட்டது. 24க்காக ஊசி போட்டால் முட்டி சரியாகும் என்று நான் நினைக்கவில்லை. மற்றதை உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

செங்கதிர்:
மழைமுகிலுக்கு ஊசி வேண்டாம் என்பது சரி. ஆனால் முட்டி வலியோடு வரும் எல்லோருக்கும் டி பார்க்க வேண்டும் என்பதில் நான் உறுதி. எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து 'வயசாகிடுச்சு, தேய்மானம்' என்று அனுப்பியிருந்தால் என் அம்மா இன்னும் படுக்கையில்தான் கிடப்பார்.

நடைப்பயணி:
எல்லோருக்கும் வேண்டாம். வெளியே வராமல் இருப்பவர், தசை பலமிழந்தவர், எலும்பை அழுத்தினால் வலிப்பவர், குடல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர், இவர்களுக்குக் கட்டாயம் பாருங்கள். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

வேல்விழி:
மழைமுகில், படி இறங்கும்போது மட்டும் வலி என்றால் முதலில் தொடையின் முன்தசையைப் பலப்படுத்துங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலை மெல்ல நேராக நீட்டி, அஞ்சு எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். இறக்குவதில் அவசரம் வேண்டாம், தசைக்கு வேலையே அங்கேதான். எடை கூடுதலாக இருந்தால் அதையும் குறைக்கப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் ஏறும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது. முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.